திருவெள்ளறைக் கிணறும் வைட் ஆங்கிள் லென்ஸும்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. வெள்ளறை என்றால் வெண்பாறை. அந்தப் பாறைமேல் இருக்கும் புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தை முதல் ஆனி வரை திறந்திருக்கும் உத்தராயண வாசலும், ஆடி முதல் மார்கழி வரை திறந்திருக்கும் தட்சிணாயன வாசலும் நம் வாசகர்களுக்குத் தெரிந்தவையே. நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் பிறந்த ஊர் என்பதும் தெரிந்திருக்கும். இன்று நான் எழுதப் போவது கோயிலைப் பற்றியல்ல. கோயிலுக்கு அருகே இருக்கும் ஒரு கிணற்றைப் பற்றியும், அதை முழுதாகப் படம் பிடிக்க மனிதன் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைப் பற்றியும்.

கிணற்றுக்குக் கல்வெட்டில் உள்ள பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. ஊர்க்காரர்கள் நாலுமூலைக் கேணி என்பார்கள். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம். நாலு பக்கத்திலிருந்தும் படிகள் இறங்கி, நடுவில் திரும்பி, தண்ணீருக்குப் போகின்றன. ஒரு படியில் குளிப்பவரை இன்னொரு படியில் இருப்பவர் பார்க்க முடியாது. படி கிணற்றோடு சேரும் இடத்தில், உத்திரக் கற்களில் சின்னச் சின்னச் சிற்பங்கள்.

பல்லவன் தந்திவர்மன் காலத்தில், அவனுடைய 4-ஆவது ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆவது ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெட்டியவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லுழானின் தம்பி கம்பன் அரையன். கணக்குப் பார்த்தால் இப்போதைக்குச் சுமார் 1,200 வருடம். வாழ்க்கை நிலையாதது என்று சொல்லும் ஒரு தமிழ்ப் பாடலும் அங்கேயே வெட்டப்பட்டிருக்கிறது. 34 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, இதைவிட நல்ல பணி நிறைவுச் சான்று கிடையாது என்பதுதான். யார் செய்தார், எங்கே செய்தார், எப்போது ஆரம்பித்தார், எப்போது முடித்தார், வேலையின் பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. விட்டுப்போனது எதுவும் இல்லை.

ஆனால் இந்தக் கிணற்றைப் படமெடுப்பது சுலபமில்லை. கரையில் நின்றால் ஒரு கை தெரியும், மூன்று கை தெரியாது. பின்னால் நகர்ந்தால் கரை மேட்டு மறைப்பில் தண்ணீரே தெரியாது. ஆகாயத்திலிருந்து எடுக்க இப்போது டிரோன் இருக்கிறது. அது வருமுன் தரையில் நிற்பவனுக்கு ஒரே வழி, பக்கத்தில் நின்றுகொண்டே அகலமாகப் பார்க்கும் கண். அந்தக் கண்ணுக்குத்தான் வைட் ஆங்கிள் லென்ஸ் என்று பெயர்.

என் தங்கை மகன் உறையூரில் இருக்கிறான். கல்யாண போட்டோகிராபர். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவெள்ளறைக்கு அழைத்துப் போயிருந்தேன். பையிலிருந்து ஒரு 16-35 ஜூம் லென்ஸை எடுத்து மாட்டினான். கரை விளிம்பில் நின்று, 16-இல் வைத்து, ஒரே அழுத்து.

"மாமா, இங்க பாருங்க. நாலு பக்கமும் விழுந்துடுச்சு."

பார்த்தேன். நாலு பக்கமும் இருந்தது. ஆனால் கிணறு ஏரி மாதிரி விரிந்து கிடந்தது. எங்கள் காலடியில் இருந்த படி அரண்மனைப் படி போலப் பெரிதாகவும், எதிர்க்கரைப் படி தீப்பெட்டி அளவிலும் தெரிந்தன.

"எதிர்ப் படியும் இதே அளவுதானேப்பா?" என்றேன்.

"வைடுல அப்படித்தான் மாமா வரும். பார்க்கிறவங்களுக்குப் பிடிக்கும்."

அவன் சொன்னது சரி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய எழுத்தன் மனசு கேட்கவில்லை. இது அழகான படமா, ஆவணமா? இரண்டும் ஒரே லென்ஸில் வருமா? அன்று முதல் இந்த லென்ஸின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு சௌகரியம். இந்தத் துறையின் ஆரம்பகாலச் சொற்கள் பல பிரெஞ்சில் வேறு முகம் காட்டும். கேமரா லென்ஸுக்குப் பிரெஞ்சில் 'ஒப்ஜெக்தீஃப்' என்று பெயர். அதே சொல்லுக்குப் பாரபட்சமற்றது என்றும் பொருள் உண்டு. குவியத்துக்கு 'ஃபுவாயே' என்பார்கள். அதற்கு அடுப்பங்கரை, வீட்டுக் கணப்பு என்றும் அர்த்தம். வெயிலில் லென்ஸைப் பிடித்துக் காகிதத்தைக் கொளுத்திய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் சரியென்று தெரியும். பாரபட்சமற்றது என்ற பெயர் சரிதானா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

1839 ஆகஸ்ட் 19 அன்று பாரீஸில் தாகேரின் முறை உலகத்துக்கு வெளியிடப்பட்டது. அவருடைய கேமராவுக்கு லென்ஸ் செய்து கொடுத்தவர் பாரீஸ் கண்ணாடி வித்தகர் ஷார்ல் ஷெவாலியே. அடுத்த வருடம் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித ஆசிரியர், முகம் எடுப்பதற்கென்று அதிக வெளிச்சம் வாங்கும் ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். நடுவில் முகம் தெளிவாக விழும், ஓரங்கள் மங்கிப்போகும். உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளும் கனவான்களுக்கு அது போதும். கோயிலுக்கும் தெருவுக்கும் போதாது.

நம் பக்கத்துக்கு வருவோம். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு கேப்டன், மதராஸ் காலாட்படைக்காரர். 1850-களின் பிற்பகுதியில் மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிப் பயணம். படங்கள் 1858-இல் ஆல்பங்களாக வெளிவந்தன. கண்ணாடித் தகடுகளுக்குப் பதிலாக மெழுகு தடவிய காகித நெகட்டிவ்களையே அதிகம் பயன்படுத்தினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 அங்குல அகலம், 12 அங்குல உயரம். அன்று பெரிதாக்கும் வசதி இல்லை, நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. அதனால் கேமராவும் ஒரு டிரங்குப் பெட்டி அளவு.

அந்த லென்ஸ்கள் பார்க்கும் கோணம் குறுகலானது. மலைக்கோட்டையை எடுக்க வேண்டுமென்றால் தூரம் போய் நிற்க வேண்டும். போய் நின்றார். தூரம் போக இடமில்லாத இடத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. இவற்றை ஒரே படத்தில் அடக்கும் லென்ஸ் உலகத்திலேயே கிடையாது. டிரைப் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 நெகட்டிவ்கள் எடுத்தார். அவற்றை ஒட்டவைத்தபோது சுமார் 19 அடி நீளத்தில் ஒரு படம் கிடைத்தது. அகலமாகப் பார்க்கும் கண் இல்லாத குறையை அவர் காலால் ஈடு செய்தார். கல்வெட்டின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே மாதிரி நேராக நிற்கின்றன. இன்றைய 16 மில்லிமீட்டர் லென்ஸால் பக்கத்தில் நின்று எடுத்தால் ஓரத்து எழுத்துகள் இழுபட்டுப் போகும்.

இத்தனை உழைப்புக்கு அரசாங்கம் கொடுத்த பரிசு? 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் திரெவெல்யன், செலவு அதிகம் என்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார். கஜானா நிலைமை அவருக்கு, படம் டிரைப்புக்கு. கோப்பு மூடப்பட்டது என்ற வாசகத்தை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் வேலை நின்றுபோகிறது என்பது அந்த ஒரு வரியில் தெரியாது.

பத்து வருடம் கழித்து, 1867-68-இல், எட்மண்ட் டேவிட் லயன் என்ற இன்னொரு பழைய ராணுவக்காரர் இதே ஊர்களைச் சுற்றினார். அவருடைய படங்களுக்கான குறிப்பு நூலைப் பதிப்பித்தவர் இந்தியக் கட்டடக்கலை வரலாறு எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன். அதற்குள் லென்ஸ் உலகத்தில் இரண்டு விஷயம் நடந்துவிட்டிருந்தது. 1860-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹாரிசனும் ஷ்னிட்ஸரும் 'குளோப்' என்ற லென்ஸைச் செய்தார்கள். வெளிப்பரப்புகள் சேர்ந்து ஒரு கோளம் போல இருப்பதால் அந்தப் பெயர். அகலமாகப் பார்த்தது, ஆனால் படத்தின் நடுவில் ஒரு வெளிச்சப் பேய் உட்கார்ந்துகொள்ளும். 1866-இல் லண்டனில் டால்மேயரும் ஜெர்மனியில் ஸ்டெய்ன்ஹெயிலும் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்தார்கள். ஒன்றுக்கொன்று எதிரெதிராக வைத்த இரண்டு சம லென்ஸ்கள். இவற்றில் நேர்க்கோடு நேர்க்கோடாகவே விழும். மரத்தையும் மலையையும் எடுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆயிரங்கால் மண்டபத்தை எடுப்பவருக்கு இதுதான் உயிர். தூண் வளைந்தால் மண்டபமே சரிந்த மாதிரி ஆகிவிடும்.

1900-இல் பெர்லினின் கோயெர்ஸ் நிறுவனம் 'ஹைபர்கான்' என்ற லென்ஸை வெளியிட்டது. 130 பாகைக்கும் மேல் பார்க்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோணம் அகல அகல, ஓரங்களுக்கு வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். அதைச் சரிக்கட்ட, லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிக் காற்றாடியை வைத்தார்கள். ரப்பர் பந்தை அமுக்கினால் காற்றில் அது சுற்றி, நடுவெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும். பிறகு அதைத் தள்ளிவிட்டு மீதி நேரம் படமெடுக்க வேண்டும்.

அடுத்த திருப்பம் என்னைப் போன்ற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கொஞ்சம் பெருமை தருவது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவில், லென்ஸ் வழியாகவே பார்ப்பதற்குக் கண்ணாடி வைத்த மாடல்கள் வந்தபோது ஒரு சிக்கல். குறுகிய குவியத் தூரம் உள்ள லென்ஸ் ஃபிலிமுக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆனால் அங்கே கண்ணாடி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது, இடமில்லை. சேந்த் எத்தியேன் நகரத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர்க்காரர் பியர் ஆன்ஜெனியூ 1950-இல் இதற்கு ஒரு வழி செய்தார். தொலைநோக்கு லென்ஸின் அமைப்பைத் தலைகீழாகத் திருப்பி, முன்னால் ஒரு குழி லென்ஸைப் போட்டார். லென்ஸ் தள்ளி உட்கார்ந்தும் அகலமாகப் பார்த்தது. அவர் வைத்த பெயர் 'ரெட்ரோஃபோகஸ்'. இன்றும் பல வைட் லென்ஸ்களின் முன்னால் உருண்டு திரண்டு தெரியும் அந்தப் பெரிய கண்ணாடி அவர் காட்டிய வழியில் வந்ததுதான். அவருடைய நிறுவனத்தின் லென்ஸ் 1964-இல் ரேஞ்சர் 7 விண்கலத்தில் ஏறி நிலவைப் படமெடுத்தது.

ஜூம் கதை தனி. சாதாரண கேமராவுக்கு முதல் ஜூம் 1959-இல் வந்த ஃபாய்க்ட்லாண்டர் 'ஜூமார்', 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை. கணக்குப் போட்டவர் நியூயார்க்கில் இருந்த ஃபிராங்க் பேக். ஆனால் முழுக்க அகலக் கோணத்திலேயே நகரும் ஜூம் வர மேலும் பதினாறு வருடம் ஆயிற்று. 1975-இல் நிக்கான் 28-45 வெளியிட்டது. காரணம் எளிது. அகலக் கோணத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பெரிய மாற்றம். 28-க்குச் சரிசெய்த வளைவு 45-இல் வேறு பக்கம் வளையும். கம்ப்யூட்டர் கணக்கும், கோளமல்லாத பரப்புள்ள கண்ணாடிகளும் வந்தபிறகு வேகம் பிடித்தது. கேனான் 1989-இல் 20-35, 2001-இல் 16-35. நிக்கான் 1999-இல் 17-35, 2007-இல் 14-24. இன்று கல்யாண போட்டோகிராபர் பை எதைத் திறந்தாலும் இந்த வரிசையில் ஒன்று இருக்கும். கைப்பேசியில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுவும் இந்தப் பரம்பரைதான்.

இனி தொழிலுக்கு வருவோம். இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு சின்ன வாய்ப்பாடு போதும். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். ஆகவே 36-இல் வைத்தால், நீங்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ அத்தனை அடி அகலம் படத்தில் விழும். 18-இல் வைத்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. பத்தடி தள்ளி நின்றால் இருபதடி. 24-இல் ஒன்றரை மடங்கு. பழைய காலத்து முகூர்த்தப் படங்களில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை பெண் மட்டும் விழுந்து, நாதஸ்வரக்காரரும் அட்சதை போடுகிறவர்களும் விழாமல் போனதற்குக் காரணம் போட்டோகிராபரின் கவனக்குறைவு அல்ல. மேடையில் பின்னால் போக ஆறடி இல்லை, அவ்வளவுதான்.

கோபுரத்துக்கும் இதே கணக்குப் போடலாம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. கேமராவை மேல் நோக்கிச் சாய்த்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்வது போல விழும், இதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சாயாமல் இருக்க வேண்டுமானால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மட்டம் பார்த்து நேராகப் பிடிக்க வேண்டும். அப்போது படத்தின் மேல் பாதி மட்டும் கோபுரத்துக்கு, கீழ்ப் பாதி தரைக்கு. இந்த முறையில் 50-இல் எடுக்க ஏறத்தாழ 640 அடி பின்னால் போக வேண்டும். 35-இல் 450 அடி. 24-இல் 310 அடி. 16-இல் 205 அடி போதும். தெற்கு வாசலில் 640 அடி போய்த் திரும்பிப் பாருங்கள். நடுவில் பஸ், மின்கம்பி, பூக்கடை, துணிக்கடை விளம்பரம் எல்லாம் வந்து நிற்கும். தரைப் பாதியைப் பிறகு வெட்டிவிடலாம். பழைய பெட்டிக் கேமராக்களில் லென்ஸ் பலகையையே மேலே தூக்கும் வசதி இருந்ததால் டிரைப், லயன் காலத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதை இன்று செய்ய ஷிப்ட் லென்ஸ் என்று தனியாக இருக்கிறது. விலை அதிகம்.

மண்டபங்களுக்குள் இன்னொரு நன்மை. கோயில்களில் முக்காலிக்கும் ஃபிளாஷுக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. கருவறைப் பக்கம் கேமராவே கூடாது. அனுமதி உள்ள வெளி மண்டபத்தில் கையில் பிடித்து எடுக்கும்போது கை நடுங்கும். குவியத் தூரம் எவ்வளவோ அத்தனையில் ஒரு பங்கு விநாடி என்பது பழைய கைக்கணக்கு. 50 லென்ஸுக்கு 50-இல் ஒரு பங்கு வேண்டும், 16-க்குப் பதினைந்தில் ஒரு பங்கு கூடத் தாங்கும். இருட்டு மண்டபத்தில் இது மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம்.

இவ்வளவு நன்மைக்கு என்ன விலை கொடுக்கிறோம்? 16-இல் எடுத்த படத்தின் மூலையில் நிற்பவரின் தலை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஒரு பக்கமாக இழுபடும். இது லென்ஸின் குறையல்ல. கோட்டை நேராக வைக்க வேண்டுமென்றால் உருண்டை நீள வேண்டும், இரண்டையும் தட்டையான தாளில் காப்பாற்ற முடியாது. 35-இல் இதே இழுப்பு மூலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் அனுபவசாலிகள் குடும்பக் குரூப் படத்தில் ஜூமை 35 பக்கம் கொண்டுபோய், இரண்டடி பின்னால் நகர்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் அத்தைகள் வாழ்நாள் முழுக்க அந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமே!

இங்கே ஒரு பொதுக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எதிர்க்கரைப் படி தீப்பெட்டி அளவில் தெரிந்ததற்கு லென்ஸ் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் நாங்கள் நின்ற இடம். பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிவது கண்ணுக்கும் உண்டு. அதே இடத்தில் நின்று ஜூமை 35-க்குத் திருகினாலும் அந்த விகிதம் மாறாது, ஓரங்கள் மட்டும் வெட்டுப்படும். ஜூம் செய்வது கத்தரிக்கோல் வேலை. தோற்றத்தை முடிவு செய்வது கால். வைட் லென்ஸ் நம்மைப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்கிறது. ஜூம் வளையம் நகர வேண்டாம் என்று சொல்கிறது. இரண்டும் ஒரே கருவியில் சேர்ந்திருப்பதால், எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துபோக வசதியாகிவிடுகிறது.

ஒப்ஜெக்தீஃப் என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். எந்த லென்ஸும் தானாகப் பாரபட்சமற்றது ஆகாது. எங்கே நின்று, எந்த அளவில் வைத்து, என்று எடுத்தோம் என்பதைச் சொன்னால்தான் படம் சாட்சி ஆகும். சொல்லாவிட்டால் அது வெறும் அழகு.

இது ஏட்டுப் பேச்சு அல்ல என்பதற்கு எங்கள் பாண்டிச்சேரியிலேயே உதாரணம் உண்டு. 1955-இல் ழான் ஃபிலியோசா என்ற அறிஞரின் தலைமையில் கடற்கரையோரம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அடுத்த வருடமே கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுக்கும் வேலையும் ஆரம்பித்தது. இன்று அந்தச் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை, அலங்காரமில்லாதவை. சிலையை நேராக, தள்ளி நின்று, முகம் புடைக்காமல் எடுத்திருக்கிறார்கள். ஊர், கோயில், தேதி குறித்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் இருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரும், சிட்னி கலைக்கூடத்தில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் 2014 செப்டம்பரில் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அவை நம் கோயில்களில் இருந்தவைதான் என்று நிரூபிக்க உதவியது அந்தச் சேகரிப்பின் பழைய படங்கள். எடுத்தவர்களுக்குத் திருட்டைப் பிடிக்கும் எண்ணமெல்லாம் இருந்திருக்காது. ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகக் குறித்து வைத்தார்கள். அதே சிலைகளை 16-இல், ஒரு முழம் தூரத்தில், கீழிருந்து எடுத்திருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும். ஒரு கையின் நீளத்தைக்கூட ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

அதற்காக வைட் ஜூம் ஆவண வேலைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. திருவெள்ளறையில் அன்று நாங்கள் பிறகு செய்தது இதுதான். 16-இல் எடுத்த அந்த முதல் படத்தை வைத்துக்கொண்டோம். எந்தப் படி எந்தப் படிக்கு அடுத்தது, தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அது ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. ஒரு வரைபடம் மாதிரி. அதன்பின் கிணற்றைச் சுற்றி நடந்து, நாலு கைகளையும் தனித்தனியே, ஒரே உயரத்தில், நேராகப் பிடித்து, 35-இல் எடுத்தான். லென்ஸ் மாற்றவில்லை, தூசி புகவில்லை, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பெயர்ந்த கல் எது, செடி முளைத்த இடுக்கு எது என்று இந்த நாலு படங்களிலும் எண்ணிச் சொல்லலாம். திசை, தேதி, நேரம், குவியத் தூரம் எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"கல்யாணத்துலகூட இப்படி நோட்டு போட மாட்டோம் மாமா," என்று சிரித்தான்.

"கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல ஐந்நூறு பேர் இருக்காங்க. இந்தக் கிணத்துக்கு யாரு இருக்கா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் திசையைச் சேர்த்து அனுப்பினான்.

கட்டுரையை முடிக்குமுன் ஸ்ரீரங்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராஜகோபுரம் 1987-இல்தான் முழுமையானது. அதற்கு முன் பல தலைமுறைக்கு அது வெறும் அடித்தளத்தோடு நின்ற மொட்டைக் கோபுரம். அந்தக் கோலத்தில் அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம். பாக்ஸ் கேமராவோ யாஷிகாவோ, எதில் எடுத்ததாக இருந்தாலும் சரி. படத்தில் கோபுரம் ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, யார், எந்த வருடம், எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்று பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.